வேலூரில் இருந்து அந்தமானுக்கு டைவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இருந்து அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும் கீழே. ஆறு நாளில் பத்து இடம் பார்த்து, ஒவ்வொன்றிலும் போட்டோ எடுத்துக்கொண்டு வரும் பேக்கேஜ் ஆட்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. ஒரே தீவில் நாலைந்து நாள் தங்கி, கடலுக்குள் நிதானமாக இறங்கி, அந்த இடத்தைக் கெடுக்காமல் திரும்ப வேண்டும் என்று இருப்பவர்கள் படியுங்கள்.

கடலே இல்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு டைவிங் சரிப்படுமா?

தாராளமாக. சொல்லப்போனால் நம் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். முதுகில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டிக்கொண்டு ஆரம்பித்து, கொஞ்சம் தைரியம் வந்ததும் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து, அடிவரைக்கும் போய் ஒரு பிடி சேற்றை அள்ளி வந்து கையை விரித்துக் காட்டும் பந்தயம் எந்த ஊரில்தான் இல்லை? அப்போது காதுக்குள் சுள்ளென்று வலித்திருக்கும். தண்ணீர் காதுக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் செவிப்பறையை உள்பக்கமாகத் தள்ளுவதால் வரும் வலி அது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் தரையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் காதுக்குள் காற்று போய் உள்ளேயும் வெளியேயும் சமம் ஆகிவிடும். டைவிங்கில் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவை செய்துகொண்டே இறங்க வேண்டும். வலித்த பிறகு முக்கி முக்கி ஊதக் கூடாது. கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் கிணற்றில் பழகிய ஒரு பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். அது மூச்சைப் பிடிப்பது. கிணற்றில் மேலே இருந்து இழுத்துக்கொண்டு போன மூச்சோடுதான் இறங்கி ஏறுகிறோம், அதனால் அதில் வம்பு இல்லை. ஸ்கூபாவில் 10 மீட்டர் ஆழத்தில், அந்த ஆழத்தின் அழுத்தத்தில் காற்றை இழுக்கிறீர்கள். அதை நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு மேலே ஏறினால், தண்ணீர் மட்டத்துக்கு வருவதற்குள் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடம் கிடையாது, கிழிந்துவிடும். இந்த விளையாட்டின் முதல் விதியே மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே என்பதுதான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் பதறும்போது பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார்கள், அதனால் இதை அவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு நீச்சலே தெரியாது. அப்போது?

அறிமுக டைவ் செய்யலாம். பயிற்சியாளர் உங்கள் முதுகுப்பக்கம் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார். அதிகபட்சம் 12 மீட்டர். வயது 10 ஆகியிருந்தால் போதும். சான்றிதழ் கோர்ஸ் என்றால் நீச்சல் வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்திக் காட்டணும், 10 நிமிடம் மிதந்து காட்டணும். இன்ன ஸ்டைலில்தான் நீந்த வேண்டும் என்று இல்லை, வேகமும் கணக்கில்லை. நம்ம கிணற்று நீச்சலே போதும்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன்தானே?

இல்லை, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜனைக் கொண்டு அந்த ஆழத்துக்குப் போனால் வலிப்பு வந்துவிடும். பொதுவாக 200 பார் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். புதியவர்களுக்கு அது அரை மணி, முக்கால் மணி நேரம் வரும். பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டால் சீக்கிரம் தீரும்.

அறிமுக டைவ் போதுமா, கோர்ஸ் செய்ய வேண்டுமா?

ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தால் போதும் என்றால் அறிமுக டைவ். ஆனால் இவ்வளவு தூரம், இவ்வளவு செலவு செய்து போகிறவர்கள் 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸ் செய்துவிட்டு வரணும் என்பதுதான் என் கட்சி. மூன்று நான்கு நாள் ஆகும். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கும் அனுமதி கிடைக்கும், அந்த அட்டை உலகத்தில் எங்கே போனாலும் செல்லும். இந்த அட்டையைத் தரும் நிறுவனங்களில் பேடி, எஸ்எஸ்ஐ இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்த நிறுவனத்தின் அட்டை என்று பார்ப்பதைவிட யார் சொல்லித் தருகிறார் என்று பாருங்கள்.

கோர்ஸ் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோர்ஸின் பெரும்பகுதி மிதவையைக் கட்டுப்படுத்தும் பயிற்சி. மேலேயும் போகாமல், கீழேயும் விழாமல், மூச்சை வைத்தே ஒரே மட்டத்தில் நிற்பது. இது கைவராதவர் கையைக் காலை ஆட்டுவார், துடுப்புச் செருப்பால் பவளத்தை உதைப்பார், நிலை தடுமாறினால் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்வார். உருண்டையாக வளரும் பவளம் வருஷத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். ஒரு உதையில் போவது பல வருஷத்து வளர்ச்சி. அதனால் ஈகோ டூரிசம், அதாவது சூழலைக் கெடுக்காத சுற்றுலா, என்று பேச வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தண்ணீருக்குள் சும்மா நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான்.

செலவும் நாளும் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பாடத்தை வீட்டிலேயே ஆன்லைனில் படித்துவிடலாம். நீச்சல் குளப் பயிற்சியைப் புதுச்சேரியில் முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் அந்தமானில் செய்யலாம். 'ரெஃபரல்' என்று கேட்டால் இரண்டு பக்கமும் புரிந்துகொள்வார்கள். நமக்குப் புதுச்சேரி திண்டிவனம் வழியாக ஒரு காலை நேரப் பயணம்தானே. தண்ணீருக்குள் பயமாக இருக்கிறதா இல்லையா என்பதும் விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

யார் இறங்கக் கூடாது?

இறங்குவதற்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். அதில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவது நம் ஆட்களின் வழக்கம். தயவுசெய்து படியுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நுரையீரல் பிரச்சினை, காதில் ஆபரேஷன், இன்சுலின் போடும் சர்க்கரை நோய் இதில் ஏதாவது இருந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இறங்கலாம். கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது. இந்தக் கடிதத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். வேலூரில் இருந்துகொண்டு டாக்டர் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நாடு முழுக்க இங்கேதான் வைத்தியத்துக்கு வருகிறது. தீவுக்குப் போன பிறகு தேடுவதுதான் கஷ்டம்.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், தண்ணீருக்குள் மருந்து வேகம் தணியும்போது காதில் சிக்கிய காற்று வெளியே வர வழியில்லாமல் போய்விடும்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், படகு ரத்தாகும், அந்த நாலு மாதம் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் போகலாம், ஆனால் அப்போதுதான் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம். இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பொங்கல் லீவு, கிறிஸ்துமஸ் லீவு இரண்டிலும் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். தேர்வு நடக்கும் மார்ச் மாதம் நல்ல தேர்வு, பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு.

காலண்டரில் திதியும் பாருங்கள். ஜோசியத்துக்காகச் சொல்லவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் பலமாக இருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்கள்தான் வசதி. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் நாட்கள் கடலுக்கு ஒத்துவருகின்றன, என்ன செய்ய. அதே சமயம் ஹேவ்லாக் தீவில் இரவில் கயாக் படகில் போய், துடுப்பு பட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னுவதைப் பார்க்க வேண்டும் என்றால் நிலா இல்லாத அமாவாசைதான் வேண்டும். நுண்ணுயிரிகள் அசைவு பட்டால் வெளிச்சம் விடுவது அது. இரண்டில் எது முக்கியம் என்று முடிவு செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள்.

வேலூரில் இருந்து எப்படிப் போவது?

அப்துல்லாபுரம் விமான நிலையம் ரொம்ப நாளாகப் பேச்சில் இருக்கிறது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். சென்னைதான். சென்னையில் இருந்து நேர் விமானம், இரண்டே கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். காலை விமானம் பிடிக்க, நள்ளிரவு தாண்டி காட்பாடியைக் கடக்கும் ரயில் ஏதாவது ஒன்றில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் நேராக விமான நிலையம் போய்விடலாம். ஆனால் மெட்ரோ விடியற்காலை ஐந்து மணியை ஒட்டித்தான் தொடங்கும், அதற்கு முன்பே போக வேண்டிய விமானம் என்றால் ஊரில் இருந்தே கார்தான். பஸ்ஸில் வந்தால் பூந்தமல்லியில் இறங்கிக்கொள்ளுங்கள், ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டாம்.

விமானத்தில் இடது ஜன்னலா வலது ஜன்னலா என்றும் கேட்கிறார்கள். எதுவாக இருந்தாலும் கடைசி பத்து நிமிடம் தூங்காதீர்கள்.

கப்பலும் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் இருந்து மூன்று நாள் ஆகும், மாதத்துக்குச் சில தடவைதான் புறப்படும், தேதியும் கடைசி நேரத்தில் மாறும். மலிவாக பங்க் வகுப்பு முதல் தனி அறை வரை இருக்கிறது. வேலையில் லீவு போட்டுப் போகிறவர்களுக்கு இது சரிவராது. ஓய்வு பெற்றவர்கள், வேலையை விட்டவர்கள், காதலில் தோற்றவர்கள் போகலாம். ஒரு பக்கமாவது கப்பலில் போனால் அந்தத் தீவுகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது உடம்புக்குப் புரியும்.

போர்ட் பிளேரா, ஸ்ரீ விஜயபுரமா? ஹேவ்லாக்கா, ஸ்வராஜ் தீவா?

இரண்டும் ஒன்றுதான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால் போதும், டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

பர்மிட் வாங்க வேண்டுமா?

போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு இந்தியக் குடிமக்களுக்கு எதுவும் தேவையில்லை. ஆதார் அட்டை போதும், படகில் ஏறும்போதும் கேட்பார்கள். நிக்கோபார் பக்கம் பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி, சுற்றுலாப் பயணிகளாக நாம் போகும் இடம் இல்லை.

எந்தத் தீவில் தங்குவது?

டைவிங் என்றால் ஹேவ்லாக். போர்ட் பிளேரில் இருந்து தனியார் அதிவேகப் படகில் இரண்டு மணி நேரத்துக்குள், அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் அதிகம். அங்கே கடற்கரைகளுக்கு நம்பர் வைத்திருப்பார்கள். படித்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் 2-ஆம் நம்பர் கடற்கரையை ஒட்டிய நீமோ ரீஃபில்தான் அறிமுக டைவ்கள் பெரும்பாலும் நடக்கும், கரையில் இருந்தே நடந்து இறங்கலாம். 3, 5 கடற்கரைகளில் டைவிங் கடைகளும் தங்கும் விடுதிகளும். மேற்கே 7-ஆம் நம்பர்தான் படத்தில் எல்லாம் வரும் ராதாநகர். சாயங்காலம் அங்கே போய் உட்காரலாம்.

கோர்ஸ் முடித்தவர்களுக்குப் படகில் போய் இறங்கும் இடங்கள் திறக்கும். 'தி வால்', 'லைட்ஹவுஸ்', 'அக்வேரியம்' எல்லாம் பக்கம். டிக்ஸன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் இரண்டும் தூரம், ஆழமும் அதிகம், அடுத்த நிலைப் பயிற்சி முடித்தால்தான் கூட்டிப்போவார்கள். 30 மீட்டரில் நிற்கும் அந்தப் பாறைகளைச் சுற்றி மீன் கூட்டம் மேகம் மாதிரி திரளும்.

நீல் தீவு சின்னது, வயல், வாழைத்தோட்டம், சைக்கிளில் ஒரு சுற்று வந்துவிடலாம். அமைதி வேண்டும் என்பவர்கள் அங்கே இரண்டு நாள் தங்கலாம், டைவிங்கும் உண்டு. நாலு நாளுக்குள் இரண்டு தீவும் போர்ட் பிளேரும் என்று ஓடினால் படகுத் துறையில் பெட்டியோடு உட்கார்ந்ததுதான் மிச்சம்.

உள்ளே போனால் என்ன தெரியும்? வீடியோவில் வருவது மாதிரி கலர் கலராக இருக்குமா?

வீடியோவில் வருவது விளக்கு போட்டு எடுத்து, பிறகு கலர் சரிசெய்தது. தண்ணீருக்குள் முதலில் காணாமல் போவது சிவப்பு. பத்து மீட்டருக்குள் சிவப்பு எல்லாம் பழுப்பாகிவிடும். மேற்கொண்டு போகப் போக எல்லாமே நீலப்பச்சை. டார்ச் அடித்தால் அந்த இடத்தில் மட்டும் நிறம் திரும்பி வரும்.

நம் ஆட்கள் முதல் டைவ் முடித்து மேலே வந்து சொல்வதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். "சங்கராடா, அவ்ளோ சங்கரா!" மீன் மார்க்கெட்டில் ஐஸ் மேல் படுத்த வாக்கில் பார்த்த சங்கராவும் பாறை மீனும் அங்கே உயிரோடு கூட்டமாக வளைந்து திரும்பும்போது வேறு பிறவி மாதிரி தெரியும். களவா ஒன்று பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, பல் தேய்த்துவிட ஆள் வைத்திருப்பது மாதிரி வாயைத் திறந்து வைத்திருக்கும்; அதற்குள் விரல் நீளச் சின்ன மீன் ஒன்று போய் அழுக்கைக் கொத்திச் சுத்தம் செய்யும். களவா அதை விழுங்காது. கோமாளி மீன், கடல் சாமந்திக்குள் ஒளிந்துகொண்டு உங்களை முறைக்கும். கிளிமீன் பவளப்பாறையைக் கறக் கறக் என்று கடிப்பது காதிலேயே கேட்கும். அது கடித்து அரைத்து வெளியேற்றுவதுதான் வெள்ளை மணல், நாம் கரையில் வெறுங்காலோடு நடக்கும் மணலில் ஒரு பங்கு அப்படி வந்தது.

வெளுத்துச் செத்த பவளத்தையும் பார்ப்பீர்கள். கடல் சூடானால் பவளம் தனக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் சாப்பாடும் அந்தப் பாசியில் இருந்துதான், அதனால் வெளுத்துப் பட்டினி கிடக்கும், சூடு தணியாவிட்டால் செத்துவிடும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படி ஆனது. 2004 சுனாமி தந்த பூகம்பத்தில் வட அந்தமான் பக்கம் நிலம் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்து, பவளத்திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்தே போயின. ஆழமான இடங்களில் நிலைமை பரவாயில்லை. கரையோரத்தில் ஏமாற்றம் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

சுறா? முதலை?

சுறாவைப் பார்த்தால் அதிர்ஷ்டம், அதுதான் உங்களைப் பார்த்து விலகிப் போகும். முதலை விஷயத்தில் விளையாட்டு கூடாது. அலையாத்திக் காடுகளிலும் ஓடைகளிலும் உவர்நீர் முதலை உண்டு, கடலிலும் நீந்தும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள்.

நீந்தும் யானை இன்னும் இருக்கிறதா?

இல்லை. ஹேவ்லாக் கடலில் நீந்திப் பேர் வாங்கிய அந்த யானை, ராஜன், 2016-இல் இறந்துவிட்டது.

எல்லா விடுதியும் 'ஈகோ' என்று போர்டு வைத்திருக்கிறதே, எதை நம்புவது?

மூங்கிலில் குடிசை கட்டினால் ஈகோ என்று ஆகிவிட்டது. நான் பார்ப்பது வேறு விஷயங்கள். குடிதண்ணீரைக் கேனில் நிரப்பிக் கொடுக்கிறார்களா, அரை லிட்டர் பாட்டிலை நீட்டுகிறார்களா? கழிவுநீர் எங்கே போகிறது? படகை நிறுத்தும்போது நிரந்தர மிதவையில் கட்டுகிறார்களா, இல்லை நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடுகிறார்களா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? போட்டோவுக்காக மீனுக்கு பிரெட் போடுகிறார்களா? நட்சத்திர மீனைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார்களா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்தக் கடையில் காசைக் கொடுக்க வேண்டாம். போனிலேயே கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் "அதெல்லாம் நீங்க வாங்க சார் பாத்துக்கலாம்" என்பார்கள்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. பாலாறு என்ன ஆனது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே அதற்கான செலவைத் தர வேண்டும், கெடும் என்று சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும், இந்த இரண்டும் நாட்டின் சட்டம் என்று ஆனது அந்த வழக்கில்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். ஆனால் தீர்ப்பு வந்ததால் கிணற்றுத் தண்ணீர் பழையபடி ஆகிவிடவில்லை. அதைத் தெரிந்த ஊரில் இருந்து போகிறவர்கள் தீவில் சிப்ஸ் பாக்கெட்டைக் காற்றில் விட்டுவிட்டு வரக் கூடாது. ஷாம்பு சாஷே, பேட்டரி, உடைந்த சார்ஜர் எல்லாம் பெட்டியிலேயே திரும்பட்டும். குளிக்கும் தண்ணீரும் அங்கே அளவுதான், ஒரு பக்கெட் போதும். நாம் கோடையில் குழாய்க்கு முன் குடம் வைத்துக் காத்திருந்தவர்கள்தானே.

சன்ஸ்கிரீன் போடலாமா?

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தது வேண்டாம், பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் விற்கவே தடை. அதைவிட எளிது முழுக்கை நீச்சல் சட்டை. வேலூர் மே மாத வெயிலில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு அந்தமான் வெயில் பெரிய விஷயம் இல்லை என்று தோன்றும், ஆனால் தண்ணீரில் மிதந்துகொண்டு குழாய் வழியாக மூச்சு விட்டு ஸ்நார்க்கலிங் செய்யும்போது முதுகு வேகுவது தெரியாது, ராத்திரிதான் தெரியும்.

டைவ் செய்யாமல் பவளம் பார்க்க முடியுமா?

போர்ட் பிளேரில் இருந்து போகும் வண்டூர் பக்கம் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, 1983-இல் அமைத்தது. அதில் ஜாலி பாய் தீவுக்கு நல்ல சீசனிலும், ரெட் ஸ்கின் தீவுக்கு மற்ற மாதங்களிலும் மாற்றி மாற்றி விடுவார்கள், ஒன்றுக்கு ஓய்வு கொடுப்பதற்காக. பிளாஸ்டிக் பைக்கு அனுமதி இல்லை. கெடுபிடி அதிகம், அதனாலேயே எனக்குப் பிடித்த இடம். ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சில் சீசனில் கூட்டம் திருவிழா மாதிரி, அங்கே போவதற்குக் காட்டு வழியாக நடந்து போகும் பாதையாவது நன்றாக இருக்கும்.

பாரடாங் சுண்ணாம்புக் குகைக்கு எல்லோரும் போகிறார்களே?

நான் போகச் சொல்ல மாட்டேன். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்கு நடுவே போகிறது. போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக விடுவார்கள். வழியில் நிறுத்துவது, போட்டோ எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குகை பார்ப்பது என்று பேர்தான், வண்டியில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் மனிதர்களைத் தேடிக்கொண்டுதான் வருகிறார்கள். மிருகக்காட்சி சாலை மனநிலை அது.

சாப்பாடு? தமிழ் பேசுவார்களா?

2011 கணக்கெடுப்பில் அந்தமானில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்து அதிகம் பேசும் மொழி தமிழ். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் இட்லி, பொங்கல், தமிழ்ப் பேச்சு எல்லாம் கிடைக்கும், முருகன் கோயிலும் உண்டு. ஹேவ்லாக் வங்காளிகள் குடியேறிய தீவு, அங்கே சோறும் மீன் குழம்பும் அவர்கள் பாணியில். கடுகு எண்ணெய் வாசம் முதல் நாள் கொஞ்சம் படுத்தும், அப்புறம் பழகிவிடும். ஆம்பூர் பிரியாணியைத் தேடாதீர்கள். மீன் கேட்டால் சூரை கேளுங்கள், கிளிமீன் மாதிரி பவளத்திட்டு மீன்கள் வேண்டாம். காலையில் பார்த்து ரசித்ததை மத்தியானம் தட்டில் வைத்துச் சாப்பிட மனசு வராது என்பது ஒரு பக்கம், அவை இல்லாவிட்டால் பாசி ஏறிப் பவளம் மூச்சு முட்டிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

டைவ் காலையில் இருந்தால் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். படகில் குமட்டுகிறவர்கள் முந்தைய நாளே டாக்டரிடம் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா? உடை எப்படி?

போகிறார்கள், நிறைய. வெட்சூட் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும், உள்ளே சாதாரண நீச்சல் உடையோ லெக்கிங்ஸோ போதும். பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று முன்பே சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். மாதவிடாய் நாளிலும் டைவ் செய்யலாம், சுறா வரும் என்பதெல்லாம் கட்டுக்கதை. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

டைவ் முடித்த அன்றே விமானம் ஏறலாமா?

கூடாது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது ரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது மெதுவாக வெளியேற வேண்டும். விமானத்தில் அழுத்தம் குறைவு, அங்கே அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கினால் ஆபத்து. ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம். நான் சொல்வது ஒரு முழு நாள். அந்தக் கடைசி நாளைப் போர்ட் பிளேருக்கு ஒதுக்கினால் செல்லுலார் சிறையையும் நிதானமாகப் பார்க்கலாம், படகு ரத்தானாலும் விமானம் தப்பாது.

எவ்வளவு செலவாகும்?

கோர்ஸ் முப்பதாயிரத்தை ஒட்டி. அறிமுக டைவ் அதில் ஆறில் ஒரு பங்கு, கரையில் இருந்து இறங்கினால் குறைவு, படகு என்றால் கூட. விமானம்தான் ஏமாற்றும், இரண்டு மூன்று மாதம் முன்னால் போட்டதற்கும் கடைசி வாரம் போட்டதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். பாதுகாப்புச் சாதனத்தில் பேரம் பேசாதீர்கள். "அந்தக் கடையில் ஐந்நூறு கம்மி" என்று வருகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

போன், பணம்?

2020-இல் சென்னையில் இருந்து கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு நெட் பரவாயில்லை, ஆனால் மழை நாளில் நம்ப முடியாது. ஹேவ்லாக்கில் ஏடிஎம் குறைவு, கையில் ரொக்கம் வேண்டும். ஆபீஸ் வேலையை அங்கிருந்து பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, கடிகாரம் நம் நேரம்தான், ஆனால் சூரியன் ஐந்து மணிக்கே எழுந்து சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். டைவ் படகு ஆறு, ஆறரைக்குக் கிளம்பும்.

லட்சத்தீவு எப்படி?

தண்ணீர் அழகு, கூட்டம் குறைவு. ஆனால் இந்தியர்களுக்கும் பர்மிட் வேண்டும், கொச்சிக்குப் போய் அங்கிருந்து அகத்திக்கு விமானம். முதல் தடவைக்கு அந்தமான் சுலபம்.

சங்கு, பவளம் எடுத்து வரலாமா?

செத்த பவளத் துண்டு என்றாலும், கரையில் தானாக ஒதுங்கியது என்றாலும் கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன சட்டமோ அதுதான். விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்து எடுத்து வைத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். ஆசையாக இருந்தால் போர்ட் பிளேரில் அரசின் சாகரிகா கடையில் விற்க அனுமதி உள்ள சிப்பிப் பொருட்களை வாங்கலாம். பில்லைப் பெட்டிக்குள் போடாமல் கையிலேயே வைத்திருங்கள்.